ரேடார் ஏவுகணை வருகிறது, விமானி என்ன செய்வார்?

கடலூர்_கழுகு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. டி.சி.எஸ் சிமுலேட்டரில் எஃப்-16 ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். வெப்பம் தேடி வரும் ஏவுகணை என்றால் ஃப்ளேர் (எரியும் வெப்பப் பொறி) போட்டு, இன்ஜினைத் தணித்து எப்படியோ தப்பிவிடுகிறேன். ரேடார் ஏவுகணை என்றால் கதை முடிந்தது. அமெரிக்க ஆம்ராம், ரஷ்ய ஆர்-77 எது வந்தாலும் சாஃப் (ரேடாரைக் குழப்பத் தூவும் உலோகப் பூச்சு இழைகள்) பொத்தானை விடாமல் அழுத்துகிறேன், ஒரு பயனும் இல்லை. "நாட்ச் பண்ணு" என்று யூடியூபில் சொல்கிறார்கள். பக்கவாட்டில் திரும்பினால் சில நேரம் ஏவுகணை தவறுகிறது, சில நேரம் நேராக வந்து அடிக்கிறது.

விளையாட்டை விடுங்கள். உண்மையான விமானிகள் என்ன செய்கிறார்கள்? சாஃப் என்பது வெறும் மன ஆறுதலுக்கா?


அலைவரிசை எழுதியது:

மன ஆறுதல் இல்லை. ஆனால் சாஃப் பிறந்த காலத்து ரேடார் வேறு, இப்போது ஏவுகணையின் மூக்கில் இருக்கும் ரேடார் வேறு.

1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மேல் குண்டுவீசப் போன பிரிட்டிஷ் விமானங்கள் முதன்முறையாக அலுமினியம் பூசிய காகிதப் பட்டைகளைக் கட்டுக்கட்டாகக் கொட்டின. ஒவ்வொன்றும் சுமார் 27 செ.மீ. நீளம். ஜெர்மானியரின் வூர்ட்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளம் ஏறக்குறைய 53 செ.மீ. அலைநீளத்தில் பாதி அளவுள்ள உலோகப் பட்டை தன் அளவுக்கு மீறிய எதிரொலியைத் தரும். திரை முழுக்க விமானங்களாகத் தெரிந்தன. அன்று போன 791 விமானங்களில் 12 மட்டுமே இழப்பு. இதே உத்தியை ஜெர்மானியரும் தனியாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. நாம் பயன்படுத்தினால் எதிரியும் கற்றுக்கொள்வானே என்று பயந்து இரண்டு தரப்பும் அதைப் பூட்டி வைத்திருந்தன.

அந்த ரேடார் தூரத்தையும் திசையையும் மட்டும் பார்த்தது. இன்றைய ரேடார் டாப்ளர் விளைவால், அதாவது எதிரொலியின் அதிர்வெண் மாறுவதை வைத்து, வேகத்தையும் பார்க்கிறது. விமானத்தை விட்டு வெளியே வந்த சாஃப் ஓரிரு நொடியில் வேகம் இழந்து காற்றோடு மிதக்கத் தொடங்கிவிடும். நீங்கள் மணிக்கு 1,000 கி.மீ. வேகத்தில் ஏவுகணையை நோக்கிப் பறந்துகொண்டே சாஃப் போட்டால், ஒன்று வேகமாக வருகிறது, மற்றொன்று நிற்கிறது. ரேடார் எதற்குக் குழம்ப வேண்டும்? நிற்பதைத் தூக்கி எறிந்துவிட்டு உங்களைப் பிடித்துக்கொள்ளும்.

நாட்ச் எதற்கு என்றால் இதற்குத்தான். மேலிருந்து கீழே பார்க்கும் ரேடாருக்குத் தரையின் எதிரொலி பெரிய தொல்லை. அதனால் தரையின் வேகத்தில் வரும் எதிரொலியை எல்லாம் வடிகட்டி விடுவார்கள். ஏவுகணைக்குச் சரியாக 90 பாகையில் நீங்கள் திரும்பிப் பறந்தால், அதை நெருங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. உங்கள் எதிரொலி தரையின் எதிரொலியோடு சேர்ந்து வடிகட்டியில் மாட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சாஃப் போட்டால் சாஃபும் நீங்களும் ரேடாருக்கு ஒன்றாகவே தெரிவீர்கள். சாஃப் தனியாகவோ, நாட்ச் தனியாகவோ அரை வேலைதான் செய்யும்.

உங்களுக்குச் சில நேரம் வேலை செய்யாததற்கு ஒரு காரணம் என் ஊகம்: நீங்கள் ஏவுகணையைவிட உயரத்தில் இருந்திருப்பீர்கள். அது மேல்நோக்கிப் பார்க்கும்போது உங்களுக்குப் பின்னால் வெறும் வானம். கலந்து மறைய அங்கே தரை ஏது? ஏவுகணை உங்களைக் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். அதனால்தான் விமானிகள் திரும்பும்போதே மூக்கைக் கீழே அழுத்துகிறார்கள்.


சும்மா_வந்தேன் எழுதியது:

ரஃபேல் வாங்கு, அதன் மின்னணுத் தற்காப்புக் கருவி ஸ்பெக்ட்ரா பார்த்துக்கொள்ளும். இழையை மூடலாம் :)


நெல்லை_நிதி எழுதியது:

அலைவரிசை அண்ணா சொன்னது சரி. ஆனால் அவர் மின்னணுவியல்காரர், அதனால் கதையை ரேடாரில் இருந்து தொடங்குகிறார். நான் வானூர்திப் பொறியியல் படிப்பவள். என்னைக் கேட்டால் ஏவுகணையை ஏமாற்றுவதைவிட அதைக் களைக்க வைப்பதுதான் முதல் வேலை.

ஏவுகணையின் ராக்கெட் மோட்டார் சில நொடிகள்தான் எரியும். அதன் பிறகு அது கவணில் இருந்து விட்ட கல்தான். இருக்கிற வேகத்தை வைத்துத்தான் மீதித் தூரத்தைக் கடக்க வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த வேகம் கரையும்.

ஒரு கணக்கு. 40 கி.மீ. தூரத்தில் இருந்து ஏவுகிறார்கள். ஏவுகணையின் சராசரி வேகம் நொடிக்கு 900 மீட்டர், உங்கள் வேகம் 300 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நேராக எதிரே போனால் இரண்டும் சுமார் 33 நொடியில் சந்திக்கும், ஏவுகணை பறக்க வேண்டியது 30 கி.மீ. ஏவிய உடனே நீங்கள் முதுகைக் காட்டி ஓடினால் அது உங்களைப் பிடிக்க 67 நொடி ஆகும், 60 கி.மீ. பறக்க வேண்டும். நீங்கள் திரும்பி முடிக்க ஆகும் நேரத்தை விட்டுவிட்டேன், அதைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும். ஆனாலும் நீங்கள் திரும்பிய ஒரே காரணத்தால் ஏவுகணையின் பயணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. அவ்வளவு தூரத்துக்கு அந்த 900 தாங்காது.

உயரமும் முக்கியம். கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி 10 கி.மீ. உயரத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்கு. நீங்கள் கீழே இறங்கினால் ஏவுகணையும் அந்தக் கெட்டியான காற்றுக்குள் இறங்கியாக வேண்டும். உங்களுக்கு இன்ஜின் ஓடுகிறது, அதற்கு இல்லை. விளம்பரங்களில் 100 கி.மீ. பாயும் என்று போடுவதெல்லாம் உயரத்தில், வேகமாகப் பறந்து, எதிரே வருகிற இலக்கின் மேல் ஏவினால் கிடைக்கும் கணக்கு.


கடலூர்_கழுகு எழுதியது:

//ஏவிய உடனே நீங்கள் முதுகைக் காட்டி ஓடினால்//

நிதி, ஏவியது எனக்கு எப்படித் தெரியும்? ஏவுகணை ரொம்பப் பக்கத்தில் வந்த பிறகுதான் எச்சரிக்கைக் கருவி கத்துகிறது.


நெல்லை_நிதி எழுதியது:

அது எந்தத் தலைமுறை ஏவுகணை என்பதைப் பொறுத்தது.

ஸ்பாரோ, ஆர்-27 போன்ற பழைய வகையில் ஏவுகணை தானாக அலை அனுப்பாது. ஏவிய விமானம்தான் கடைசிவரை இலக்கின் மேல் ரேடாரைப் பாய்ச்ச வேண்டும், எதிரொலியை வைத்து ஏவுகணை வரும். அப்படிப் பாய்ச்சும்போது உங்கள் ஆர்.டபிள்யூ.ஆர் (ரேடார் எச்சரிக்கைக் கருவி) உடனே கத்திவிடும். ஏவியவன் உங்கள் பக்கம் மூக்கைத் திருப்பி வைத்தே ஆக வேண்டும் என்பது உங்களுக்கு இன்னொரு வசதி. அவனை நீங்கள் மிரட்டித் திருப்பிவிட்டால் அவன் ஏவுகணை அநாதை. 1999-ல் எத்தியோப்பியாவின் சு-27, எரித்திரியாவின் மிக்-29 மோதல்களில் ஏவப்பட்ட ஆர்-27களில் பெரும்பாலானவை தவறிப்போயின.

ஆம்ராம், ஆர்-77, மீட்டியோர், பி.எல்-15, நம் அஸ்திரா எல்லாம் வேறு ரகம். பாதி வழிவரை உள் வழிகாட்டியையும், ஏவிய விமானம் அனுப்பும் திருத்தங்களையும் வைத்து வரும். ஏவிய விமானத்தின் ரேடார் சாதாரணமாகத் தேடுவதைப் போலவே தேடிக்கொண்டு உங்களையும் கணக்கில் வைத்திருக்கும். உங்கள் கருவிக்கு அதில் வித்தியாசம் தெரியாது. கடைசிக் கட்டத்தில் ஏவுகணை தன் சொந்த ரேடாரைப் போடும்போதுதான் கத்தல். அது 15 கி.மீ. என்று வைத்தால், முன்பு சொன்ன வேகக் கணக்கில், நீங்கள் எதிரே போய்க்கொண்டிருந்தால் உங்களுக்கு இருப்பது 12, 13 நொடி.

அதனால் கத்தும்வரை காத்திருப்பவர் பிழைக்க மாட்டார். "இந்தத் தூரத்துக்குள் அவன் வந்தால், ஏவினானோ இல்லையோ, நான் திரும்பிவிடுவேன்" என்று தரையில் இருக்கும்போதே முடிவு செய்துகொண்டு கிளம்புவார்கள்.

ராக்கெட் புகையின் வெப்பத்தைப் பார்த்து எச்சரிக்கும் கருவிகளும் சில விமானங்களில் உண்டு. ஆனால் மோட்டார் அணைந்த பிறகு வரும் ஏவுகணையை வெப்பத்தால் கண்டுபிடிப்பது கடினம்.


சார்ஜண்ட்_ஓய்வு எழுதியது:

பிள்ளைகள் நன்றாக எழுதுகிறீர்கள். நான் எதிர்ப்பக்கத்து ஆள். விமானப்படையில் பெச்சோரா ஏவுகணைப் பிரிவில் தரையில் வேலை பார்த்தவன். ரஷ்யர்கள் எஸ்-125 என்பார்கள், நேட்டோக்காரர்கள் எஸ்.ஏ-3 என்பார்கள். விமானி தப்புவதைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் தரையில் ரேடார் கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவனின் பயத்தைப் பற்றி இரண்டு வார்த்தை.

ரேடாரைப் போட்டால் அவனைப் பார்க்கலாம். ஆனால் போட்ட நொடியில் நாம் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்கும் தெரிந்துவிடும். அலை வரும் திசையிலேயே பாய்ந்து வந்து ஆன்டெனாவை அடிக்கும் ஏவுகணை 1960-களிலேயே வந்துவிட்டது. வியட்நாமில் அமெரிக்கர்கள் ஷ்ரைக் என்ற ஒன்றைப் பயன்படுத்தினார்கள், பிறகு ஹார்ம் வந்தது. இதற்கென்றே 'வைல்டு வீசல்' என்ற தனிப்பிரிவு வைத்திருந்தார்கள். ரேடார்க்காரன் கை ஸ்விட்சுக்குப் போகவே நடுங்க வேண்டும், அதுதான் அவர்கள் நோக்கம். ஒரு ஏவுகணைகூட ஏவாமல் வைல்டு வீசல் அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தாலே பாதி ரேடார்கள் வாயை மூடிக்கொள்ளும். என்னைக் கேட்டால் போர் விமானத்துக்கு மிகச் சிறந்த பாதுகாப்பு இதுதான், சாஃபும் இல்லை, நாட்சும் இல்லை.

இதைப் புரிந்துகொண்ட தரைக்காரன் எவ்வளவு ஆபத்தானவன் என்பதற்கு இரண்டு உதாரணம்.

1995 ஜூன் 2, போஸ்னியா. ஸ்காட் ஓ'கிரேடியின் எஃப்-16. செர்பியர்கள் எஸ்.ஏ-6 என்ற தரை ஏவுகணையின் ரேடாரைக் கடைசி நேரம்வரை போடவில்லை. விமானம் நேர் தலைக்கு மேல் வரும்வரை காத்திருந்து போட்டார்கள். முதல் ஏவுகணை இரண்டு எஃப்-16க்கும் நடுவில் வெடித்தது, இரண்டாவது அவர் விமானத்தைப் பிளந்தது. எச்சரிக்கைக் கருவி கத்தியது, ஆனால் அதை வைத்து ஒன்றும் செய்ய நேரம் இல்லை. ஆறு நாள் காட்டில் ஒளிந்திருந்த அவரை மீட்டார்கள்.

1999 மார்ச் 27, பெல்கிரேடுக்குப் பக்கத்தில் புஜானோவ்சி. ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-117 ஸ்டெல்த் விமானத்தை வீழ்த்தியது எங்கள் பெச்சோராவின் அண்ணன் தம்பிதான், 1960-களின் சரக்கு. கர்னல் சோல்தான் தானியின் குழு. நீண்ட அலைநீளத்து பி-18 ரேடாரால் மோப்பம் பிடித்து, ஏவும் ரேடாரைச் சில நொடிகள் மட்டும் போட்டு அணைத்து, அடிக்கடி இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். அமெரிக்கர்கள் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே பாதையில் வந்துபோனதும் உதவியது.


கடலூர்_கழுகு எழுதியது:

ஐயா, நீங்கள் இந்த இழைக்கு வந்தது என் பாக்கியம். ஏவுகணையைக் கண்ணால் பார்த்து விலகினார்கள் என்று வியட்நாம் கதைகளில் வருகிறதே, அது நடக்கிற காரியமா?


சார்ஜண்ட்_ஓய்வு எழுதியது:

நடந்திருக்கிறது தம்பி. 1965 ஜூலை 24 அன்று ஒரு எஃப்-4 தான் அங்கே எஸ்.ஏ-2 ஏவுகணைக்கு முதல் பலி. எஸ்.ஏ-2 பெரிய உருப்படி, கிளம்பும்போது தூசியும் புகையும் எழும்பும். "தந்திக்கம்பம் பறந்து வருவது போல" என்றுதான் விமானிகள் சொல்வார்கள். மூன்று மாக் வேகத்தில் வரும், ஆனால் சின்னச் சிறகு. விமானி அதைப் பார்த்துக்கொண்டே கீழ்நோக்கிப் பாய்வார், ஏவுகணையும் மூக்கை இறக்கும். சரியான நொடியில் சட்டென்று மேலே இழுப்பார். அந்தக் கனம் அவ்வளவு வேகத்தில் மறுபடி மேலே வளைய முடியாது. சீக்கிரம் இழுத்தால் ஏவுகணை திருத்திக்கொள்ளும். தாமதித்தால் அதன் 200 கிலோ வெடிகுண்டு பக்கத்திலேயே வெடிக்கும், நேராக மோதக்கூடத் தேவையில்லை. மேகத்துக்குள்ளிருந்து வந்தால் பார்க்கவே நேரம் இருக்காது. மேகமூட்டத்தில் எஸ்.ஏ-2 பகுதிக்குப் போவதை விமானிகள் வெறுத்தார்கள்.


நெல்லை_நிதி எழுதியது:

ஐயா சொன்னதில் கணக்கு இருக்கிறது. திருப்பத்தின் ஆரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நொடிக்கு 270 மீட்டர் வேகத்தில் 7 ஜி (புவியீர்ப்பின் ஏழு மடங்கு) திருப்பம் எடுக்கும் விமானத்தின் வட்டம் ஏறக்குறைய 1,060 மீட்டர் ஆரம். 900 மீட்டர் வேகத்தில் 30 ஜி எடுக்கும் ஏவுகணைக்கோ 2,750 மீட்டர். "ஏவுகணை 30 ஜி எடுக்குமே, மனிதன் 9 தானே" என்று பயமுறுத்துபவர்கள் இந்த வர்க்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

அதற்காக அது எப்போதும் தோற்கும் என்று இல்லை. அது உங்கள் வட்டத்தில் உங்கள் பின்னால் ஓடுவதில்லை. நீங்கள் போகப்போகிற இடத்துக்குக் குறுக்கே வருகிறது. தொலைவில் இருக்கும்போது நீங்கள் என்ன வளைந்தாலும் அது கொஞ்சமாகத் திருத்தினால் போதும். கடைசி ஓரிரு நொடியில்தான் உங்கள் வளைவு அதற்கு வலிக்கும். அதற்கு முன்பே அதன் வேகத்தைக் கரைத்து வைத்திருந்தால் கடைசித் திருப்பத்துக்கு அதனிடம் சிறகு இருக்கும், வலு இருக்காது.

மீட்டியோரில் மட்டும் இந்தக் கணக்கு மாறுகிறது. அதில் இருப்பது காற்றை உறிஞ்சி எரியும் ராம்ஜெட். வேகத்தைக் கூட்டிக் குறைத்து, கடைசிக் கட்டத்துக்கும் எரிபொருளை மிச்சம் வைத்துக்கொள்ளும்.


அலைவரிசை எழுதியது:

நிதி, எல்லாவற்றையும் பௌதிகத்திலேயே முடிக்கப் பார்க்கிறாய். ஓடித் தப்பலாம், சரி. குண்டு போட வந்தவன் ஒவ்வொரு ரேடார் ஏவுகணைக்கும் ஓடினால் குண்டு யார் போடுவது? ஏவியவனுக்கு அதுவே வெற்றி. ஓடாமல் வேலையை முடிக்க வேண்டுமென்றால் ஜாமர் வேண்டும், அதாவது பொய் அலை அனுப்பி ரேடாரைக் குழப்பும் கருவி.

இப்போதைய ஜாமர்களின் உயிர் டி.ஆர்.எஃப்.எம் என்ற டிஜிட்டல் நினைவகம். வரும் ரேடார் துடிப்பை அப்படியே பதிவு செய்து, நேரத்தையோ அதிர்வெண்ணையோ துளித்துளியாக மாற்றித் திருப்பி அனுப்பும். முதலில் உண்மை எதிரொலியோடு ஒட்டிக்கொண்டு, அதைவிடக் கொஞ்சம் பலமாக. ரேடார் பலமானதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மெல்ல மெல்லத் தூரத்தை நகர்த்தும். ரேடாரின் கவனம், அங்கே இல்லாத ஒரு விமானத்தின் பின்னால் போய்விடும். அப்போது ஜாமரை நிறுத்தினால் அங்கே ஒன்றுமே இருக்காது, மறுபடி முதலில் இருந்து தேட வேண்டும். அதற்குள் நீங்கள் நிதியின் கணக்குப்படி எங்கேயோ போயிருப்பீர்கள்.


நெல்லை_நிதி எழுதியது:

அண்ணா, தூரத்தை ஏமாற்றினால் போதுமா? ஏவுகணைக்குத் திசைதான் உயிர். இன்றைய மோனோபல்ஸ் ரேடார் ஒரே துடிப்பிலேயே திசையை எடுத்துவிடும். உங்கள் ஜாமர் அலையும் உங்கள் விமானத்தில் இருந்துதானே வருகிறது? ஜாமரை நோக்கியே பாயும் வழி ஆம்ராமில் இருக்கிறது. சத்தம் போடுபவனைத் தேடி வந்து அடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலி, தூரம் குறையக் குறைய அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். ஜாமர் அலைக்கு ஒருவழிப் பயணம்தான், அது இரண்டாம் அடுக்கு. தூரம் பாதியானால் எதிரொலி 16 மடங்கு, ஜாமர் 4 மடங்கு. நெருங்க நெருங்க எதிரொலி ஜெயிக்கும்.

1972 டிசம்பரில் ஹனோய் மேல் 11 நாளில் அமெரிக்காவின் 15 பி-52 குண்டுவீச்சு விமானங்கள் விழுந்தன. ஒவ்வொன்றிலும் அக்காலத்தின் சிறந்த ஜாமர்கள். முதல் சில இரவுகளில் எல்லா விமானமும் ஒரே பாதையில் வந்து, குண்டு போட்டதும் ஒரே மாதிரி சாய்ந்து திரும்பின. சாயும்போது ஜாமர் ஆன்டெனாக்கள் தரை ரேடாரை விட்டு வேறு பக்கம் பார்த்தன, விமானத்தின் பரந்த வயிறு ரேடாருக்கு முழுசாகத் தெரிந்தது. ஜாமர் பழுதாகவில்லை. வடிவியல்தான் காலை வாரியது.


அலைவரிசை எழுதியது:

//வடிவியல்தான் காலை வாரியது//

அது பி-52. வளைந்து நெளிய முடியாத பெரிய பெட்டி. அடுத்த இரவுகளில் பாதையையும் திருப்பத்தையும் மாற்றி, ஜாமரும் சாஃபும் சேர்ந்து வேலை செய்தபோது இழப்பு குறைந்ததே, அதை ஏன் விட்டுவிட்டாய்?

ஜாமர் விஷயத்தில் எதிர் உதாரணமும் இருக்கிறது. 1973 போரில் எகிப்து, சிரியா கொண்டுவந்த எஸ்.ஏ-6 இடைவிடாத அலையைப் பாய்ச்சியது. இஸ்ரேலிய விமானங்களின் எச்சரிக்கைக் கருவிகளுக்கு அது பழக்கமில்லாத அலை, ஜாமர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அந்தப் போரில் இஸ்ரேல் நூறு விமானம் அளவுக்கு இழந்தது. எல்லாம் எஸ்.ஏ-6 ஆல் இல்லை, பீரங்கிகளும் நிறையச் சாய்த்தன. ஆனால் விமானிகளின் திறமை அன்றும் அதேதான். ஒன்பது ஆண்டு கழித்து 1982 ஜூனில் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் அதே விமானப்படை ஆளில்லா விமானங்களை முன்னே அனுப்பி, சிரிய ரேடார்களைப் போட வைத்து, அவற்றின் அதிர்வெண்களைப் பிடித்து, ஒரே பிற்பகலில் ஏவுகணைத் தளங்களில் பெரும்பாலானவற்றை அழித்தது. அந்த ஒன்பது ஆண்டில் மாறியது பௌதிகமா?


சும்மா_வந்தேன் எழுதியது:

அண்ணன் தங்கை சண்டை சூப்பர். 2025 மே 7 அன்று பி.எல்-15 எத்தனையை அடித்தது, யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்.


மட்டுறுத்துநர் எழுதியது:

2025 மே எண்ணிக்கைச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போங்கள். இந்தியத் தரப்பில் விமான இழப்பு உண்டு என்று முப்படைத் தலைமைத் தளபதியே சிங்கப்பூரில் சொன்னார், எண்ணிக்கை சொல்லவில்லை. அதற்கு மேல் இங்கே வேண்டாம். நுட்பத்தை மட்டும் பேசுங்கள்.


வடதிசை எழுதியது:

எண்ணிக்கை வேண்டாம், ஆனால் 2019 பிப்ரவரி 27 இந்த இழைக்குத் தேவை என்று நினைக்கிறேன். பாகிஸ்தானின் எஃப்-16கள் ஆம்ராம் ஏவின, அதன் உடைந்த பாகத்தை மறுநாள் டெல்லியில் காட்டினார்கள். நம் சு-30கள் அந்த ஏவுகணைகளிடமிருந்து தப்பின என்று நம் விமானப்படை சொன்னது. அப்படியானால் நிதி சொன்ன ஓட்டக் கணக்கும் அலைவரிசை சொன்ன ஜாமரும் சேர்ந்தே வேலை செய்திருக்கும்.

நம் அபிநந்தன் விஷயம் வேறு. அவர் மிக்-21 பைசனில் இருந்தார். 'திரும்பு' என்ற கட்டளை வானொலி முடக்கப்பட்டதால் அவருக்குக் கேட்கவில்லை என்று செய்திகள் வந்தன. ரேடாரை ஏமாற்றுவது பற்றியே பேசுகிறோம். குரலை முடக்கினாலும் ஆள் காலி. பாதுகாப்பான, முடக்க முடியாத தகவல் இணைப்பு இருக்கிறதா என்பது சாஃபுக்கும் ஜாமருக்கும் முந்தைய கேள்வி.

உக்ரைனில் இரண்டு பக்கமும் மரத்தை உரசிக்கொண்டு பறப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நாட்ச் எல்லாம் பிறகுதான், முதலில் ரேடாரின் தொடுவானத்துக்குக் கீழே இரு.


நெல்லை_நிதி எழுதியது:

தொடுவானத்துக்கும் எளிய சூத்திரம் இருக்கிறது. ஆன்டெனா உயரம், விமான உயரம் இரண்டின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் கி.மீ. வரும். ஆன்டெனா 10 மீட்டர், விமானம் 50 மீட்டர் என்றால் 42 கி.மீ. அதே விமானம் 10,000 மீட்டரில் பறந்தால் 425 கி.மீ. எவ்வளவு விலை உயர்ந்த தரை ரேடாராக இருந்தாலும் பூமி உருண்டைதான். மேலே ஒரு அவாக்ஸ் (பெரிய ரேடாரைச் சுமந்து பறக்கும்) விமானம் பறந்தால் மட்டும் இந்த ஒளிவிடம் போய்விடும்.


சார்ஜண்ட்_ஓய்வு எழுதியது:

நீங்கள் இருவரும் சண்டை போடுவதைப் பார்த்ததும் ஒரு பழைய வீடியோ நினைவுக்கு வந்தது. கழுகு தம்பி கட்டாயம் தேடிப் பார்க்க வேண்டும்.

1991 ஜனவரி 19, வளைகுடாப் போர், பாக்தாத். 'பேக்கேஜ் கியூ' என்று பெயர், அந்தப் போரின் மிகப் பெரிய தாக்குதல் அணி. நான் சொன்ன வைல்டு வீசல்கள் எரிபொருள் குறைந்து முன்னதாகவே திரும்பிவிட்டன. பயமுறுத்த ஆள் இல்லை என்றதும் தரையில் ரேடார்கள் விழித்துக்கொண்டன. இரண்டு எஃப்-16 விழுந்தன, விமானிகள் சிறைப்பட்டார்கள். மேஜர் எம்மெட் டுல்லியா என்பவர் மேல் மட்டும் ஆறு ஏவுகணைகள் வந்தன. அவருடைய சாஃப், ஃப்ளேர் கருவி வேலை செய்யவில்லை. ஆறையும் வெறும் திருப்பங்களால் தவிர்த்தார். விமானியின் கண்ணெதிரே இருக்கும் கண்ணாடித் திரையின் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. எச்சரிக்கைக் கருவியின் கீச்சொலியும் ஜி விசையில் அவர் மூச்சு திணறுவதும் கேட்கும். சில நிமிடம்தான், பார்ப்பவனுக்கே வியர்க்கும்.

நிதி இதைத் தன் கட்சிக்கு எடுத்துக்கொள்ளும், தெரியும். ஆனால் அதே பகலில் அதே வானத்தில் விழுந்த மற்ற இருவரும் அதே பள்ளியில் அதே திருப்பங்களைக் கற்றவர்கள்தான். வைல்டு வீசல் அரைமணி நேரம் கூட இருந்திருந்தால் அந்த ஆறில் எத்தனை கிளம்பியிருக்கும் என்பதுதான் என் கேள்வி.


கடலூர்_கழுகு எழுதியது:

பார்த்தேன் ஐயா. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. விமானத்தின் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கும் டிகாய் (போலி இலக்கு) பற்றி யாரும் பேசவில்லையே? நிதி சொன்ன "ஜாமரை நோக்கியே பாயும்" பிரச்சினைக்கு அது மருந்து இல்லையா?


அலைவரிசை எழுதியது:

அதே மருந்துதான், நிதிக்குப் பதில் சொல்ல அதை வைத்திருந்தேன், நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

ஜாமர் விமானத்தில் இருந்தால் திசை உண்மையாகிவிடுகிறது. அப்படியானால் ஜாமரையே வெளியே தள்ளு. ஏ.எல்.இ-50 என்ற இழுவை டிகாயை 1999 கொசோவோ போரில் எஃப்-16களும் பி-1பி குண்டுவீச்சு விமானங்களும் பயன்படுத்தின. விமானத்தைவிடப் பலமான எதிரொலியை அது காட்டும், ஏவுகணை அதை அடிக்கும். யூரோஃபைட்டரின் சிறகு நுனிக் கூட்டில் இப்படி இரண்டு இருக்கின்றன. அடுத்த தலைமுறையில் கம்பி ஒளியிழையாக மாறிவிட்டது. சிந்திக்கும் பகுதி விமானத்துக்குள், கத்தும் பகுதி வெளியே. பிரைட்கிளவுட் என்று ஒன்று கயிறே இல்லாதது. ஃப்ளேர் குழாயில் இருந்தே சுடலாம், அதற்குள் குட்டி டி.ஆர்.எஃப்.எம் ஜாமர். சில நொடிதான் உயிர்.

குறை இல்லாமல் இல்லை. ஏவுகணை நேர் முன்னாலோ நேர் பின்னாலோ வந்தால் விமானமும் டிகாயும் ஒரே கோட்டில் நிற்கும், வெடிப்பில் இரண்டும் சிக்கலாம். ஆக, இங்கேயும் பக்கவாட்டில் திரும்பியாக வேண்டும். (நிதி, சிரிக்காதே.) கடுமையாக வளைந்தால் கம்பிக்கு ஆபத்து, இன்ஜினின் ஆஃப்டர்பர்னர் தீயில் படக்கூடாது. எண்ணிக்கையும் இரண்டு, மூன்றுதான்.

சாஃபும் செத்துவிடவில்லை. 2021 ஆகஸ்டில் ஜோத்பூர் பாதுகாப்பு ஆய்வகமும் புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ ஆய்வகமும் சேர்ந்து புது சாஃப் தோட்டா செய்து விமானப்படைக்கு அறிவித்தார்கள். 1943-ல் பட்டை, இப்போது முடியைவிட மெல்லிய இழை. விலை மலிவு, நிறைய ஏற்றலாம், பழுதாக ஒன்றுமில்லை.


சும்மா_வந்தேன் எழுதியது:

சரி, உண்மையாகவே ஒரு சந்தேகம். தரையிறங்கும்போது அந்தக் கயிறு? ரன்வேயில் இழுத்துக்கொண்டே வருமா?


அலைவரிசை எழுதியது:

ஏ.எல்.இ-50 என்றால் இறங்குவதற்கு முன்பே விமானி அறுத்துவிட்டுவிடுவார். ஒருமுறை வெளியே போனது திரும்பி வராது.